ஏழுக்கு அப்புறம் பத்து

எட்டையும் ஒன்பதையும் என் அப்பா எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. பதிமூன்று வயதுக்குள் அவர் கைப்பட எழுதிய ஆயிரக்கணக்கான எண்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட அந்த இரண்டும் கிடையாது. அதைக் கவனிக்க எனக்கு அத்தனை வருஷம் பிடித்தது.

என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பாதியிலேயே போனை எடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு இப்போது தெம்பில்லை. மணவாள நகரிலிருந்து பட்டணத்துக்கு முப்பது வருஷம் ரயிலில் நின்றுகொண்டே போய் வந்த கால்கள். கோபத்துக்கும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, அது முடியவில்லை.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் தெருவுக்கு மேற்கே இரும்பு உருக்கும் ஆலை. காலையில் கொடியில் போட்ட வெள்ளைத் துணியை அம்மா மத்தியானம் எடுக்கும்போது இரண்டு தடவை உதறுவாள், கரி கொட்டும். எனக்கு அந்த வயதில் வெள்ளை என்றாலே கொஞ்சம் சாம்பல் கலந்த நிறம்தான். பள்ளிக்கூடத்தில் பட்டணத்திலிருந்து வந்த டீச்சரின் புடவையைப் பார்த்துதான் உண்மையான வெள்ளை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

நைனா வேலை செய்தது பித்தளை வளையம் செய்யும் ஒரு கம்பெனியில். ஏதோ பம்புக்குள் போகிற வளையம். கடைந்து முடித்த வளையங்களைக் கம்பியில் கோத்து, கம்பிகளைத் தட்டில் அடுக்கி, அமிலத் தொட்டியில் முக்கி எடுத்து அடுத்த பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது நைனாவின் பொறுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மரத்தூளும் சோடா உப்பும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார். கழுவினாலும் அந்தக் கையில் ஒரு புளித்த பித்தளை வாடை இருக்கும். அதே கையால் சோறு பிசைந்து எனக்கு ஒரு உருண்டை கொடுப்பார். அந்த வாடையோடு சேர்ந்துதான் எனக்குச் சாம்பார் ருசிக்கும்.

சீட்டுகள் ரோஸ் கலரில் இருக்கும். கார்பன் வைத்து எழுதின மூன்றாவது நகல் யாருக்கும் வேண்டாததால் நைனா கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், நான் கணக்குப் போட்டுப் பழகியதெல்லாம் அதில்தான். நோட்டுப் புத்தகம் வாங்கித் தரச் சொல்லி நான் ஒருநாளும் அழுததில்லை. பின்பக்கத்தில் என் எண்கள், முன்பக்கத்தில் நைனாவின் எண்கள். நான் என் பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

சீட்டோடு கூட எப்போதோ இரண்டு வளையங்களும் கொண்டுவந்திருந்தார். விளிம்பு உடைந்த கழிவு வளையங்கள். பெரியதை வைத்து நான் வட்டம் போடுவேன். சின்னதை விரலில் மாட்டிக்கொண்டு படிப்பேன், கழற்றினால் விரலில் பச்சைக் கோடு தெரியும்.

அந்த வருஷம் கோடையில் கம்பெனியில் பழைய சூப்பர்வைசர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். புதிதாக ஒரு இளைஞர் வந்தார். சுறுசுறுப்பானவர், எதையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைப்பவர் என்று நைனாவே மெச்சிப் பேசினார். அந்த ஒழுங்கில் சீட்டும் மாறியது. பழைய சீட்டில் மூன்று சின்னக் கட்டங்கள் இருந்தன. புதுச் சீட்டில் ஒரே பெரிய கட்டம், மேலே 'எண்ணிக்கை' என்று அச்சடித்திருந்தது. எழுத இடம் தாராளமாக இருக்கிறது என்று நைனாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆடி பிறந்த வாரம் நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு தாள். எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆள் கிடையாது. அம்மாவின் அண்ணன் திருப்பாச்சூரில் இருந்தார், திருவள்ளூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவருக்குச் சொல்லியனுப்பினோம். மாமா வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். நைனா சீட்டில் எழுதிய வளையங்களும் பேக்கிங்கில் எண்ணிய வளையங்களும் ஒத்துவரவில்லை. இரண்டு மாதமாக எல்லாச் சீட்டிலும் குறைகிறது. பித்தளையைப் பழைய இரும்புக் கடையில் விற்றுவிட்டார் என்று சந்தேகம். விசாரணைக்கு வர வேண்டும், அதுவரை கம்பெனி கேட்டுக்குள் நுழையக் கூடாது.

இரண்டாவது தாளில் ஒரு பட்டியல் இருந்தது. மாமா அதில் விரலை வைத்தார்.

"மாப்ள, இந்தச் சீட்டுல நூத்தி முப்பத்தஞ்சின்னு போட்டுக்கீது. நீ எழுதுனதுதானா?"

நைனா எட்டிப் பார்த்தார். ஒன்று, மூன்று, ஐந்து. "ஆமா, நான்தான் எழுதுனேன்."

"அத்தினி இருந்துச்சா?"

"இருந்ததத்தான் எழுதுனேன். ஒண்ணு ஜாஸ்தியும் இல்ல, ஒண்ணு கொறச்சலும் இல்ல."

"அங்க தொண்ணூத்தி மூணுதான் போயிருக்குது. மீதி நாப்பத்திரெண்டு எங்க?"

இருந்ததைத்தான் எழுதினேன் என்று நைனா திரும்பவும் சொன்னார். மாமா அடுத்த வரிக்குப் போனார். இருநூற்று நாற்பத்தொன்று எழுதினாயா? ஆமாம். அங்கே நூற்று அறுபத்தொன்றுதான் இருக்கிறது. முந்நூற்று ஏழு எழுதினாயா? ஆமாம். நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆமாமுக்கும் மாமாவின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. கடைசியில் தாளை மடித்து அம்மாவைப் பார்த்தார். கோர்ட்டில் பழகியவர், குற்றவாளி தானே ஒப்புக்கொண்டபிறகு என்ன செய்ய என்கிற பார்வை அது. அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அது சமைக்கிற நேரமே இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில், உருக்காலைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் அந்த இரண்டு வளையங்களையும் போட்டுவிட்டேன். இரண்டு வந்திருந்தால் இருநூறும் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. போலீஸ் வந்து தேடினால் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். நைனாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனே தவிர, அவரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டேன் என்பது உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வட்டம் போட வளையம் எங்கே பாப்பா என்று நைனா கேட்டார். தொலைந்துபோய்விட்டது என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வேலைக்குப் போகாத ஆண் வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். நைனா பகலெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து ரயில்வே கேட் மூடுவதையும் திறப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் போகிறவர்கள் குனிந்துகொண்டு போவார்கள். பழவேற்காட்டிலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மா மட்டும் எப்போதும்போல, இன்னாண்ணே ஒடம்பு சரியில்லியா என்று கேட்பாள். ஆமாம்மா என்பார் நைனா. ஊரெல்லாம் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்.

ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் போனோம். அம்மா பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் பஸ் மாறி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றுபோனோம். கோயிலைச் சுற்றி மாட்டுவண்டிகளும் பொங்கல் புகையும். ஈரத் தலையோடு, உடம்பெல்லாம் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு அம்மா வலம் வந்தாள். நானும் நைனாவும் பின்னாலேயே நடந்தோம். நசுங்கின வேப்பிலையின் கசப்பு தொண்டை வரை இறங்கியது. நைனா குற்றம் செய்யவில்லை என்று அம்மனே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நைனாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது சுற்றில் சன்னதிக்கு நேராக வந்ததும் அம்மா வாய்விட்டுச் சொன்னாள்.

"தெரியாமப் பண்ணிட்டாரு தாயே. அவர மன்னிச்சி வுட்டுடு. அந்தப் பாவத்த என் தலையில போடு."

நைனா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரை இடித்துக்கொண்டு போனார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தபிறகுதான் நடந்தார்.

திருப்பாச்சூரிலிருந்து மாமாவும் கோயிலுக்கு வந்திருந்தார், கையில் ஒரு தாளோடு. மன்னிப்புக் கடிதம். குடும்பக் கஷ்டத்தால் தெரியாமல் எடுத்துவிட்டேன், வேலையிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன், போலீஸுக்குப் போக வேண்டாம் என்று அழகாக எழுதியிருந்தார். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மறுநாள் திங்கட்கிழமை விசாரணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை மட்டும்தான் போகும், மானம் மிஞ்சும் என்றார். திருடினேன் என்று எழுதிக் கொடுத்தபிறகு என்ன மானம் மிஞ்சும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மாமா கெட்டவர் இல்லை. தங்கச்சி புருஷன் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்று இரண்டு நாளாகத் தூங்காமல் எழுதிய கடிதம் அது. நைனா அதை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமா எங்களோடேயே பஸ் ஏறி வந்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. எனக்கு வீட்டுப்பாடம் பாக்கி இருந்தது. நம் காலத்தில் அடிமானம் என்று ஒரு பாடம் வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? ஐந்தடிமானம், இரண்டடிமானம். பாதிப் பேருக்கு அது எதற்கு என்று கடைசிவரை தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டுவதற்குப் பதில் ஐந்து ஐந்தாகக் கட்டினால் எண்ணை எப்படி எழுதுவது என்பதுதான் பாடம். ஐந்தடிமானத்தில் நாலுக்கு அப்புறம் பத்து வந்துவிடும், ஐந்து என்ற இலக்கத்துக்கு வேலையே கிடையாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். பரீட்சைக்கு வராது என்று ஒரே நாளில் முடித்தும்விட்டார்.

சீட்டுக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். காற்றில் ஒரு சீட்டு புரண்டு முன்பக்கம் காட்டியது. 264. அடுத்தது 175. அடுத்தது 307. இந்த எண்களுக்கும் ஐந்தடிமானமா என்று விளையாட்டாகப் பார்த்தேன். இல்லை, ஆறும் ஏழும் இருக்கின்றன. எட்டு? புரட்டினேன். ஒன்பது? கட்டு முழுவதையும் பாயில் கொட்டிப் பார்த்தேன். நானூறு, ஐந்நூறு சீட்டு இருக்கும். ஒரு எட்டு இல்லை, ஒரு ஒன்பது இல்லை.

நைனா வாசற்படியில் இருந்தார். போய்க் கேட்டேன்.

"நைனா, கம்பிக்கு எத்தினி வளையம்?"

"எட்டு."

"தட்டுக்கு எத்தினி கம்பி?"

"அதுவும் எட்டு. எதுக்குக் கேக்குற?"

"ஒரு தட்டு, மூணு கம்பி, உதிரியா அஞ்சி. எப்பிடி எழுதுவே?"

காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். ஒன்று, மூன்று, ஐந்து.

பழைய சீட்டில் இருந்த மூன்று கட்டமும் அதற்குத்தான். தட்டு, கம்பி, உதிரி. உதிரி ஏழு வரைதான் போகும், எட்டாவது வந்தால் ஒரு கம்பி நிறைந்துவிடும். கம்பியும் ஏழு வரைதான், எட்டாவது வந்தால் ஒரு தட்டு. ஒரு ஷிஃப்டில் ஏழு தட்டைத் தாண்டியதே இல்லை. கட்டங்களை எடுத்துவிட்டார்கள், நைனா எழுதுகிற விதம் மாறவில்லை. அவர் எழுதியது ஒரு தட்டு, மூன்று கம்பி, ஐந்து. புதியவர் படித்தது நூற்று முப்பத்தைந்து. அறுபத்துநாலும் இருபத்துநாலும் ஐந்தும் கூட்டினேன். தொண்ணூற்று மூன்று.

நைனாவிடம் சொன்னேன். நம்பர், அடிமானம் என்று நான் மூச்சுவிடாமல் சொன்னது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. "அதான், இருந்ததத்தான எழுதுனேன்" என்றார். முதல் நாளிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துப் பாடத்தை வைத்துக்கொண்டு பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்றார். நான் நோட்டீஸைக் கேட்டு வாங்கி, குறைந்த வளையங்களை வரிசையாகப் படித்தேன். நாற்பத்திரண்டு, எண்பது, நூற்றெட்டு, நாற்பது, நாலு. முப்பதுக்கு மேற்பட்ட வரிகள், அத்தனையும் இரட்டைப்படை. ஒரு கம்பியை எட்டுக்குப் பதில் பத்தாகப் படித்தால் இரண்டு கூடும். ஒரு தட்டை அறுபத்துநாலுக்குப் பதில் நூறாகப் படித்தால் முப்பத்தாறு கூடும். உதிரியில் தப்பே வராது. அதனால் ஒற்றைப்படையில் குறையவே முடியாது.

"திருடறவன் ஒருநாளாச்சும் மூணு எடுத்திருக்க மாட்டானா மாமா?" என்று கேட்டேன்.

மாமா தாளை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார். எல்லாம் முடிந்தபின் பென்சிலைக் கீழே வைத்தார். "நாளைக்கு நீயும் வா" என்றார்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்றார். மாமா நிமிர்ந்து நின்று, இது சாட்சி என்றார். அவர் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவ்வளவு கம்பீரமாக எந்தக் கோர்ட்டிலும் சொல்லியிருக்க மாட்டார். உள்ளே விட்டார்கள்.

சூப்பர்வைசர் நான் சொன்னதைக் கேட்டார், நம்பவில்லை. ஒரு தட்டும் மூன்று கம்பியும் ஐந்து உதிரியும் கொண்டுவரச் சொன்னார். எழுதச் சொன்னதும் நைனா 135 என்று எழுதினார். சூப்பர்வைசர் தன் மேஜையில் எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். தொண்ணூற்று மூன்று. திரும்ப எண்ணினார். அந்த அறையில் மேஜையில் வளையங்கள் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய காது மடல் சிவந்துபோயிருந்தது.

"இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எழுதுனியான்னுதான சார் கேட்டீங்க" என்றார் நைனா.

மன்னிப்பு என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் முதல் ஷிஃப்டுக்கு வரச் சொன்னார்கள், பழையபடி மூன்று கட்டம் போட்டுச் சீட்டு அடிப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் மாமா சிரித்துக்கொண்டே, அந்தக் கருமத்தைக் கொடு மாப்ளே என்று நைனாவின் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பார்த்தார். அடியில் நைனாவின் கையெழுத்து இருந்தது. முந்தின நாளே, கோயிலிலிருந்து வந்த கையோடு, நான் சீட்டைப் பிரித்து உட்காரும் முன்பே போட்டிருக்க வேண்டும். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சின்னச் சின்னதாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நைனா இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தார். அம்மன் முன்னால் அம்மா சொன்னதைப் பற்றி அவளிடம் அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவர் கணக்குப்படி எழுதினால் எனக்கு இப்போது வயது எழுபத்தொன்று. நம் எல்லாருடைய கணக்கிலும் ஐம்பத்தேழுதான். மூட்டுவலிக்கு அவர் கணக்குதான் பொருத்தமாக இருக்கிறது. எண் ஒன்றுதான், படிக்கிறவர் மாறினால் வேறாகிவிடுகிறது என்று நான் பலரிடம் சாமர்த்தியமாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது நடந்ததை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அப்பாவை நான் காப்பாற்றிவிட்டேன். அவர் என்னைத் தூக்கிக் கொஞ்சுவார், தெருவில் நாலு பேரிடம் சொல்வார் என்று எதிர்பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது, சூளூர்ப்பேட்டை வண்டிக்காக நின்றோம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் நைனா கையெழுத்து போட்ட? நீதான் எடுக்கலியே."

"நீ, உங்கம்மா, உங்க மாமா மூணு பேரும் எடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. நான் ஒருத்தனே எத்தினி நாளிக்கி இல்லன்னு சொல்லிக்கினு இருக்கறது."

"நான் நெனைக்கல. நான்தான கணக்கு போட்டு கண்டுபுடிச்சேன்."

"ஆமா, கண்டுபுடிச்சே." என் தலையில் கையை வைத்தார். கோபமில்லாத, களைத்துப்போன குரலில் கேட்டார். "அந்தக் கணக்கு உனக்கு வராம போயிருந்தா?"

வண்டி வந்து, போய், கேட் திறந்தது. அப்போதும் உன்னை நம்பியிருப்பேன் நைனா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை.